தெருமுனையில் கடைக் கட்டடம் வருகிறது, மாநகராட்சியிடம் என்ன கேட்பது?

முனைவீடு எழுதியது:

வணக்கம். சென்னைக்குத் தெற்கே புறநகரில் ஒரு பழைய லேஅவுட்டில் இருக்கிறோம். எங்கள் வீட்டை ஒட்டிய முனை மனை ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி), பல வருடமாகக் காலியாகக் கிடந்தது. இப்போது அதில் தரைத்தளமும் மேலே இரண்டு தளமுமாக ஒரு கட்டடம் எழும்புகிறது. கீழே நான்கு ஷட்டர் வருகிற மாதிரி தூண்கள் நிற்கின்றன, முதல் தளத்துக்கு சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேஸ்திரியிடம் கேட்டால் "கீழே கடை, மேலே ஆபீஸ்" என்கிறார், அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

எங்கள் தெருவில் இதுவரை கடை என்று எதுவும் இல்லை. பால் பாக்கெட் வாங்கவே மெயின் ரோட்டைக் கடந்து போக வேண்டும். அதனால் கடையே வரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு மருந்துக் கடை வந்தால் என் மாமியாருக்குப் பெரிய உதவி. ஆனால் என்ன கடை வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாததால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஹோட்டல் வந்தால் புகைக்குழாய் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வரும். டாஸ்மாக்குக்கு வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு வேறு ஓடுகிறது. வருகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. காலையில் ஸ்கூல் வேன் அந்த முனையில்தான் திரும்புகிறது, இப்போதே எம்-சாண்ட் கொட்டி வைத்திருப்பதால் டிரைவர் பின்னுக்கு எடுத்து எடுத்துத்தான் திருப்புகிறார், அந்த நேரத்தில் பிள்ளைகள் வேனுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

குடியிருப்போர் சங்கத்தில் "குடியிருப்புப் பகுதியில் வணிகக் கட்டடம் கூடாது, உடனே தடுத்து நிறுத்த வேண்டும்" என்று ஒரு மனு டைப் செய்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். என்னிடமும் வந்தது, நான் இன்னும் போடவில்லை. கட்டுகிறவர் வெளியாள் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர், எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். முறைப்படி கட்டுகிறார் என்றால் அவரோடு மனஸ்தாபம் வேண்டாம். முறைப்படி இல்லை என்றால் பேசாமல் இருக்கவும் மனசு வரவில்லை.

இந்த மாதிரிக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது அக்கம்பக்கத்து வீடுகளைக் கேட்பார்களா? எங்களுக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை. இனிமேல் கேட்க முடியுமா, எதைக் கேட்டால் பதில் வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரசமட்டம் எழுதியது:

நான் பதிவு பெற்ற பொறியாளர், பிளான் போட்டு அப்ரூவல் வாங்கித் தருவதுதான் என் தொழில். உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில்: கேட்க மாட்டார்கள். மனையின் உபயோகத்தையே மாற்றுகிறார்கள், அதாவது குடியிருப்பு என்று மாஸ்டர் பிளானில் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகை பிரித்த திட்டம்) இருக்கிற நிலத்தை வணிகமாக மாற்றக் கேட்கிறார்கள் என்றால்தான் செய்தித்தாளில் அறிவிப்பு கொடுத்துப் பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்பார்கள். அந்தப் பகுதியின் வகைக்குள் ஏற்கெனவே அடங்குகிற சின்னக் கட்டடம் என்றால் விண்ணப்பதாரருக்கும் அலுவலகத்துக்கும் இடையிலேயே கோப்பு முடிந்துவிடும். உங்களுக்கு நோட்டீஸ் வராததை வைத்து அவர் திருட்டுத்தனமாகக் கட்டுகிறார் என்று முடிவு செய்ய வேண்டாம்.

அதனால் முதலில் நிலம் எந்த வகை என்று பாருங்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள் இருக்கிறீர்கள் என்றால் 2008-ல் ஒப்புதல் கிடைத்த இரண்டாம் மாஸ்டர் பிளான்தான் கணக்கு. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் போட்டால் பிரைமரி ரெசிடென்ஷியலா (முதன்மைக் குடியிருப்பு), மிக்ஸ்டு ரெசிடென்ஷியலா (கலப்புக் குடியிருப்பு), கமர்ஷியலா (வணிகம்) என்று வந்துவிடும். சர்வே எண் உங்கள் பட்டாவிலேயே இருக்கும், பக்கத்து மனைக்கு உட்பிரிவு எண்தான் மாறும். பிரைமரி ரெசிடென்ஷியல் என்று வந்தாலும் கடையே கூடாது என்று அர்த்தம் இல்லை, அன்றாடத் தேவைக்கான சிறு கடை, டாக்டர் கிளினிக் போன்றவற்றை ஒரு அளவுக்குள் விடுகிறார்கள். மிக்ஸ்டு என்றால் அந்த அளவு இன்னும் கூடும். சங்கத்து மனுவில் இருக்கிற "குடியிருப்புப் பகுதியில் வணிகம் கூடாது" என்ற வரி இங்கேதான் அடிபட்டுப் போகும். அந்த ஒரு வரியை நம்பி எத்தனை கையெழுத்து சேர்த்தாலும், "விதிகளின்படி அனுமதிக்கத்தக்கது" என்று ஒரு பதில் வரும், கோப்பை மூடிவிடுவார்கள்.

இப்போது ரொம்ப முக்கியமான விஷயம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறோம். கட்டி முடித்த பிறகு ஆள் வந்து அளந்து பார்த்து பணி நிறைவுச் சான்றிதழ் கொடுத்தால்தான் கரண்டும் தண்ணீரும் என்று ஒரு கட்டுப்பாடு அதில் இருந்தது. 2024-ல் அதைத் திருத்தி, 14 மீட்டர் உயரத்துக்கும் 300 சதுர மீட்டருக்கும் மிகாத வணிகக் கட்டடங்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். சின்ன முதலாளிகள் அலைய வேண்டாம் என்ற நல்ல நோக்கம்தான், என் வாடிக்கையாளர்களுக்கும் அது நிம்மதி. ஆனால் ஒரு கிரவுண்டில் தளத்துக்கு ஆயிரம் சதுர அடி என்று மூன்று தளம் போட்டால் 3,000 சதுர அடி, 300 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். அப்படி என்றால் உங்கள் பக்கத்துக் கட்டடத்தை முடிந்த பிறகு யாரும் கட்டாயமாக வந்து அளக்கப் போவதில்லை. நீங்கள் கேட்பது எதுவானாலும் வேலை நடக்கும்போதே கேட்டாக வேண்டும். சென்ட்ரிங் நடக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் இந்த வாரமே.

எதைப் பார்ப்பது? ஒப்புதல் பெற்ற வரைபடத்தைப் பாருங்கள். கட்டுமானம் நடக்கிற காலம் முழுக்க அதை இடத்திலேயே பார்வைக்கு வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று ஒரு உத்தரப் பிரதேச வழக்கில் நாடு முழுவதற்கும் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் பல இடங்களில் வைப்பதில்லை. வைக்கவில்லை என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள், தெரிந்தவர்தானே. அவர் மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மாநகராட்சியில் கேட்கலாம், ஆனால் அதற்கு முப்பது நாள் வரை எடுத்துக்கொள்வார்கள், அதற்குள் மொட்டை மாடியே வந்துவிடும். வரைபடம் கையில் கிடைத்ததும் முதலில் அது வணிகம் என்று வாங்கியதா, வீடு என்று வாங்கியதா என்று பாருங்கள். உரிமையாளரே சான்று கொடுத்து உடனே அனுமதி வாங்குகிற சுயசான்று முறை 2024 ஜூலையில் தொடங்கியபோது 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும், அதுவும் வீட்டுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. அதில் அனுமதி வாங்கிவிட்டு ஷட்டர் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் சாலை அகலம், நான்கு பக்கமும் விட்ட இடம், வண்டி நிறுத்தும் இடம், மனை முனையில் இருப்பதால் வண்டி திரும்ப வசதியாக முனையைச் சாய்வாக வெட்டிவிட்டிருக்கிறார்களா என்பது. இந்த நான்கும் டேப் வைத்து அளக்கிற விஷயங்கள். அளந்து சொன்னால் அதை யாரும் ஒதுக்க முடியாது.

பொத்தான்கடை எழுதியது:

அக்கா, நான் இப்படி ஒரு கட்டடத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி கடை எடுத்து தையல் கடை நடத்துகிறேன், அதனால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மெயின் ரோட்டில் இதே அளவு கடைக்குக் கேட்கிற அட்வான்ஸை எங்களைப் போன்றவர்களால் புரட்டவே முடியாது. தெருவுக்குள் கடை இருந்ததால்தான் பிள்ளையை ஸ்கூலில் இருந்து கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே தைக்க முடிகிறது. கட்டும்போது எங்கள் தெருவிலும் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது அதே வீட்டுக்காரர்கள்தான் ஜாக்கெட் கொடுக்க வருகிறார்கள், ராத்திரி எட்டு மணிக்கு டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு எங்கள் கடை லைட் வெளிச்சம் துணையாக இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள்.

ஆனால் வண்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் கட்டடத்தில் பின்பக்கம் பார்க்கிங் என்று காட்டிவிட்டு அங்கே ஒரு குடோன் போட்டுவிட்டார்கள். வருகிறவர்கள் எதிர்வீட்டு கேட்டை மறித்து வண்டி வைப்பார்கள், அந்த வீட்டம்மா வந்து சத்தம் போடுவது என்னிடம். தினமும் அதே சண்டை. கட்டடக்காரர் வாடகை வாங்க மட்டும்தான் வருவார். அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லி யாராவது ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் எனக்குத்தான் முதலில் நல்லது நடந்திருக்கும். நீங்கள் அதைக் கேளுங்கள், கடையே வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மாம்பலம்_பழசு எழுதியது:

ரசமட்டம் சொன்னதில் "இந்த வாரமே" என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். தி.நகரில் பிறந்து வளர்ந்தவன் நான், எங்கள் பக்கம் வீடுகளாக இருந்த தெருக்கள் எப்படிக் கடைகளாக மாறின என்பதைக் கண்ணால் பார்த்தவன். விதிமீறிக் கட்டி முடித்து வியாபாரமும் நடக்க ஆரம்பித்துவிட்டால் அதன் பிறகு அதைத் தொடுவது மிகவும் கடினம். 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருப் பக்கம் பெரிய பெரிய கடைகளுக்கே சீல் வைத்தார்கள். 2012 பொங்கலுக்கு முன்னால் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. அங்கே வேலை பார்த்த பையன்களும் பெண்களும் நடுவில் பட்ட பாடு தனிக்கதை.

அதற்கு முன்னும் பின்னும் வரன்முறை என்று ஒன்று வந்துகொண்டே இருந்தது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து 1999 பிப்ரவரி வரை கட்டியதற்குப் பணம் கட்டினால் சரி என்றார்கள், பிறகு 113-சி என்று சேர்த்து 2007 ஜூலைக்கு முன் கட்டியதற்கு வழி விட்டார்கள். ஒவ்வொரு முறையும் விதியை மதித்துக் கட்டியவன்தான் ஏமாந்தான். உங்கள் பக்கத்துக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நட்பு கெடக்கூடாது என்று இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் கட்டி முடித்த பிறகு தினம் தினம் மனஸ்தாபம்தான். என்னைக் கேட்டால் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுங்கள், மாநகராட்சியை நம்பிப் பயனில்லை.

முனைவீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வேலை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சிஎம்டிஏ தளத்தில் பார்த்தேன், எங்கள் சர்வே எண் மிக்ஸ்டு ரெசிடென்ஷியல். அதனால் கடை வருவதையே தடுக்கிற பேச்சுக்கு இடமில்லை. அப்புறம் என் கணவரும் நானும் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டோம். முதலில் முகம் சுருங்கினாலும், உள்ளே போய் வரைபடத்தை எடுத்து வந்து மேஜையில் விரித்துக் காட்டினார், போட்டோ எடுத்துக்கொள்ளவும் விட்டார். வணிகம் என்றுதான் அனுமதி வாங்கியிருக்கிறார், மூன்று தளமும் வரைபடத்தில் இருக்கிறது, அதில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் வரைபடத்தையும் இடத்தையும் மொட்டை மாடியில் நின்று ஒப்பிட்டுப் பார்த்தபோது மூன்று விஷயம் இடித்தது. ஒன்று, வரைபடத்தில் எங்கள் காம்பவுண்டை ஒட்டிய பக்கம் வண்டி உள்ளே போகிற பாதை, பின்னால் இரண்டு கார், சில டூவீலர் நிறுத்தும் இடம் என்று கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறது. இடத்தில் அந்தப் பாதையின் நடுவிலேயே குழி தோண்டி மாடிப்படிக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள். படி வந்துவிட்டால் சைக்கிள்கூடப் பின்னால் போகாது. மேஸ்திரியிடம் கேட்டால், படியை உள்ளே வைத்தால் ஒரு ஷட்டர் போய்விடுகிறது, அதனால் ஓனர் வெளியே மாற்றச் சொன்னார் என்றார். இரண்டு, முனையை வரைபடத்தில் சாய்வாக வெட்டிக் காட்டியிருக்கிறது, இடத்தில் காம்பவுண்டு அஸ்திவாரம் சாலை ஓரம் வரைக்கும் செங்கோணமாக ஓடுகிறது. வேன் திரும்புகிற இடம் அதுதான். மூன்று, எங்கள் தெரு 9 மீட்டர் என்று வரைபடத்தில் எழுதியிருக்கிறது, நாங்கள் எதிர்வீட்டு வாசல் தோட்டத்துக் கம்பியில் இருந்து இந்தப் பக்கம் வரை டேப் பிடித்தபோது இருபத்துமூன்று அடிதான் வந்தது. சங்கத்தில் இந்த மூன்றாவதைத்தான் பிடித்துக்கொண்டு "பொய் அளவு காட்டி அனுமதி வாங்கிவிட்டார், அனுமதியையே ரத்து செய்ய வைக்கலாம்" என்கிறார்கள். செய்யலாமா?

ஓய்வில்_இருப்பவன் எழுதியது:

அம்மா, நகரமைப்புப் பிரிவில் பல ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் செய்திருப்பதில் பாதி வேலை முடிந்துவிட்டது, பல சங்கங்கள் வழக்கறிஞர் வைத்துக்கூட இந்த அளவுக்கு வருவதில்லை.

முதலில் அந்தச் சாலை அகலம். அதைத் தொடும் முன் லேஅவுட் வரைபடத்தையும் சர்வே துறையின் எஃப்.எம்.பி-யையும் (புல அளவு வரைபடம்) பாருங்கள். நீங்கள் அளந்தது இன்று தெருவில் மிச்சம் இருக்கிற அகலம். அனுமதி கொடுக்கிறவர் பார்ப்பது ஆவணத்தில் இருக்கிற பொதுச் சாலையின் அகலம். பழைய லேஅவுட் தெருக்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான்: முப்பது அடி என்று ஒப்படைத்த சாலையில் ஒவ்வொரு வீடும் கார் ஏறச் சறுக்குப் பாதை, வாசல் படி, செடிக்குக் கம்பி வேலி என்று இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடி எடுத்துக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு வாசல் தோட்டத்துக் கம்பியில் இருந்து அளந்தோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லேஅவுட்டில் முப்பது அடி என்று இருந்தால், உங்கள் சங்கத்தின் புகாரை எடுத்துக்கொண்டு அளக்க வருகிற சர்வேயர் முதலில் குறி போடப் போவது உங்கள் தெரு வீடுகளின் சறுக்குப் பாதைகளில்தான். அது நடந்தாலும் தெருவுக்கு நல்லதுதான், வேனும் சுலபமாகத் திரும்பும். ஆனால் சங்கம் எதற்குக் கையெழுத்துப் போடுகிறது என்று தெரிந்து போட வேண்டும்.

மற்ற இரண்டும் உறுதியான காரணங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருந்து விலகிக் கட்டுவது 1971-ம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி நடவடிக்கைக்கு உரியது. 57-வது பிரிவில் வேலையை நிறுத்தச் சொல்லலாம், 56-வது பிரிவில் விலகலை அகற்றச் சொல்லலாம், கேட்காவிட்டால் பூட்டிச் சீல் வைப்பது வரை போகும். ஆனால் சீல் என்று வந்துவிட்டால் உரிமையாளர் 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு போவார், அது முடிகிற வரை கோப்பு இரண்டு பக்கமும் நகராது, கட்டடம் பாதியில் நிற்கும், குழியில் மழைத் தண்ணீர் நின்று கொசுதான் மிச்சம். நான் பார்த்த வரையில் படியின் கான்கிரீட் போடும் முன் ஆய்வாளர் வந்து ஒரு முறை வரைபடத்தை விரித்து நின்றாலே போதும், பெரும்பாலான உரிமையாளர்கள் திருத்திக்கொள்வார்கள். கம்பியைப் பிரித்து வேறு இடத்தில் கட்டுவதற்கு ஆகிற செலவு பெரிதல்ல. கான்கிரீட் விழுந்த பிறகு அவர் இடிக்க மனம் வராமல், திருத்திய வரைபடம் போட்டு எப்படியாவது சரிக்கட்டத்தான் பார்ப்பார்.

மனுவைச் சுருக்கமாக எழுதுங்கள். அனுமதி எண், தேதி, மனையின் சர்வே எண், "வரைபடத்தில் தெற்குப் பக்கம் வாகனப் பாதை என்று காட்டிய இடத்தில் மாடிப்படிக்கு அடித்தளம் போடப்படுகிறது, முனை வெட்டு விடப்படவில்லை, கான்கிரீட் போடும் முன் தல ஆய்வு செய்து வரைபடப்படி கட்டச் செய்ய வேண்டுகிறோம்". திசையை மட்டும் உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு போட்டோ. நாற்பது பேர் கையெழுத்து வேண்டாம், நீங்களும் எதிர்வீட்டுக்காரரும் போட்டால் போதும். டாஸ்மாக், ஹோட்டல், குடியிருப்பின் அமைதி என்று எதையும் அந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் படிக்கிறவர் கண் அங்கேதான் போகும், பொதுவான ஆட்சேபணை என்று ஒதுக்கிவிடுவார். நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ரிட் தேவையில்லை. நீதிமன்றம் போனாலும் முதலில் கேட்பது "மனு கொடுத்தீர்களா, எப்போது கொடுத்தீர்கள்" என்பதைத்தான், அந்த முத்திரை போட்ட நகல் அப்போது உதவும்.

மாம்பலம்_பழசு எழுதியது:

ஐயா சொல்வது சரி, மனு கொடுத்த பிறகு ரிட் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஆய்வாளர் வந்து வரைபடத்தை விரித்து நிற்பார் என்று நீங்கள் சொல்கிற அளவுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தால் எந்தத் தேதியில் வந்தார், என்ன எழுதினார் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேட்டை_தம்பி எழுதியது:

அக்கா, டாஸ்மாக் பயத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. மதுக்கடைக்கு 2003-ல் போட்ட தனி விதி இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் கோயில், சர்ச், மசூதி, பள்ளிக்கூடம் இவற்றில் இருந்து 50 மீட்டருக்குள் கடை வைக்கக்கூடாது, மற்ற ஊர்களில் 100 மீட்டர். மாஸ்டர் பிளானில் கமர்ஷியல் என்று குறித்த இடத்துக்கு அந்தத் தூரக் கணக்கு பொருந்தாது, உங்களுடையது மிக்ஸ்டு ரெசிடென்ஷியல் என்பதால் பொருந்தும். பக்கத்தில் பிள்ளையார் கோயிலோ நர்சரி ஸ்கூலோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஏதாவது வருவதாகத் தெரிந்தால் மனு போக வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர், நகரமைப்புப் பிரிவு இல்லை.

ஹோட்டலுக்கும் இதே மாதிரிதான், கட்டட அனுமதி வேறு, தொழில் உரிமம் வேறு. கடை திறக்கிறவர் மாநகராட்சியில் தொழில் உரிமம் வாங்கியாக வேண்டும், உணவு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும். புகைக்குழாய் எந்தப் பக்கம் வருகிறது என்பதை அந்த நேரத்தில் கேளுங்கள். ரசமட்டம் அண்ணன் சொன்ன அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், அனுமதி இல்லாத கட்டடத்தில் எந்தத் தொழிலுக்கும் உரிமம் கொடுக்கக்கூடாது என்றும் இருக்கிறது. படியைச் சரி செய்யாமல் விட்டால் நாளைக்குத் தன் வாடகைதாரருக்கு உரிமம் கிடைப்பதே சிக்கலாகும் என்பதைக் கட்டுகிறவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள், அது அவர் காதில் ஏறும்.

முனைவீடு எழுதியது:

ஐயா சொன்னபடி லேஅவுட் நகலைத் தேடி எடுத்தோம், எங்கள் மாமனார் மனை வாங்கியபோது கொடுத்த பழைய ப்ளூ பிரிண்ட் பீரோவில் இருந்தது. தெரு முப்பது அடிதான். சங்கத்துச் செயலாளர் வீட்டுச் சறுக்குப் பாதை உட்பட எல்லாம் சாலையில்தான் இருக்கிறது. அவரிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு அந்த வரியை மனுவில் இருந்து எடுத்துவிடுகிறேன் என்றார். மொத்த மனுவையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சறுக்குப் பாதைகளை உள்ளே இழுப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் நான் கேட்கத்தான் போகிறேன், எங்கள் வீட்டு வாசல் படியும் அதில் ஒன்று.

நேற்று சாயங்காலம் கட்டுகிறவரை இடத்துக்கே வரச் சொல்லி, அவருடைய இன்ஜினியரையும் வைத்துக்கொண்டு பேசினோம். முனையை வெட்டிவிட உடனே ஒத்துக்கொண்டார், அஸ்திவாரக் கல்லைப் பிரிக்க ஆளும் சொல்லிவிட்டார். படி விஷயத்தில்தான் இழுக்கிறார். ஷட்டர் ஒன்று போனால் மாத வாடகை போகிறது, இதை நம்பித்தான் வங்கிக் கடன் எடுத்திருக்கிறேன் என்கிறார், அதைக் கேட்கும்போது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. தம்பி சொன்ன உரிம விஷயத்தைச் சொன்னபோது இன்ஜினியர்தான் முதலில் தலையாட்டினார். படியைப் பின்பக்க மூலைக்கு நகர்த்தினால் வண்டிப் பாதை தப்பிக்குமா என்று வரைந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அது வரை படிக்கான கான்கிரீட் போட மாட்டோம் என்று வாய் வார்த்தையாகச் சொன்னார்கள். மனு எழுதித் தயாராக இருக்கிறது, எதிர்வீட்டு ஐயாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். கட்டுகிறவர் இவ்வளவு இறங்கி வந்த பிறகு மனுவைக் கொடுக்கவா, அவர்கள் பதில் வரும் வரை பொறுக்கவா?

ரசமட்டம் எழுதியது:

பின்பக்க மூலை என்றால் அங்கே விட வேண்டிய இடமும் பார்க்கிங் கட்டமும் குறையும், ஷட்டரும் போகாமல் பார்க்கிங்கும் குறையாமல் ஒரு கிரவுண்டில் அது சுலபமாக அமையாது. அவர்களுடைய இன்ஜினியர் வரைந்து தந்தால் பெயர், சர்வே எண் எல்லாம் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். எப்படி மாற்றினாலும் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கிய பிறகுதான் கட்ட வேண்டும்.

ஓய்வில்_இருப்பவன் எழுதியது:

கொடுத்துவிடுங்கள் அம்மா. அவர் சொல்லைச் சந்தேகப்படுவதாக ஆகாது, அவரிடமே ஒரு நகலைக் கையில் கொடுத்து, பேசியபடி நடந்தால் இந்த மனுவில் மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்று நாங்களே எழுதித் தருகிறோம் என்று சொல்லுங்கள். முனை வெட்டை ஒத்துக்கொண்டுவிட்டார் என்பதையும் மனுவில் ஒரு வரியாகச் சேருங்கள், ஆய்வாளர் வரும்போது கட்டுகிறவருக்கும் அது நல்ல பெயர். திங்கட்கிழமை காலையில் நகரமைப்புப் பிரிவில் ஆள் இருப்பார்கள், பதினோரு மணிக்கு மேல் சைட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், அதற்கு முன் போங்கள்.